துணி தாங்கும்; கொக்கி தாங்குமா?

ஏரியல் சில்க் வகுப்புக்கு முதல்நாள் வருகிறவர்கள் கூரையிலிருந்து தொங்கும் துணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது என்னைத் தாங்குமா?” என்றுதான் கேட்பார்கள். தாங்கும். அது பட்டு அல்ல, நைலான் டிரைகாட் என்ற பின்னல் துணி. கொஞ்சம் இழுபடும், சட்டென்று கிழியாது. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு.

கனடாவின் முன்னாள் ஒலிம்பிக் ஜிம்னாஸ்ட் ஆந்த்ரே சிமார் 1990-களில் சர்க் து சொலைல் குழுவுக்காக மெருகேற்றிய வித்தை இது. இப்போது சென்னை, பெங்களூரு ஸ்டூடியோக்களில் உடற்பயிற்சியாகிவிட்டது. விழுப்புரத்துப் பிள்ளைகள் கயிற்று மல்லர் கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. முடிச்சே போடாமல் உடம்பைச் சுற்றிய பிடியிலேயே தொங்குவதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

அந்தப் பிடி உராய்வால் வருகிறது. துறைமுகத்தில் கப்பல் கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் அலட்சியமாகப் பிடித்து நிற்பாரே, அதே கணக்கு. 18-ம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்திருக்கிறார். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் பிடிப்பு சுமார் 6.6 மடங்காகும்; இரண்டு சுற்றில் 43 மடங்கு. கால் தடிமனா, ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வராது. எத்தனை சுற்று என்பதுதான் வரும். துணி கணுக்காலை ஒருமுறை சுற்றிப் புறங்காலின் மேல் வந்து விழ, மற்றக் காலால் அதை மிதித்து அழுத்தினால் போதும், கை தளர்ந்தாலும் கால் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதை நம்பாமல் கையாலேயே தொங்கப் பார்ப்பார்கள்; சீக்கிரமே முன்கை இறுகி, விரல் தானாக விரியத் தொடங்கும்.

அப்போது பயந்து சர்ரென்று வழுக்கி இறங்கினால் வேறு வம்பு. 50 கிலோ ஆள் 4 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 2,000 ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அதில் பெரும்பகுதி வெப்பமாகி உள்ளங்கையிலும் முழங்கால் மடிப்பிலும்தான் இறங்கும். தோல் உரியும். ஷார்ட்ஸ் வேண்டாம், முழுக்கால் லெக்கிங்ஸ் போடுங்கள் என்பது இதனால்தான். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்; ஜிப் வைத்த உடையும் வேண்டாம். அவை துணியையும் கிழிக்கும், விரலையும் பதம் பார்க்கும்.

ரீல்ஸில் லைக் அள்ளுவது ‘டிராப்’. உடம்பைச் சுற்றியிருக்கும் துணி மளமளவென்று அவிழ, ஆள் தலைகீழாக விழுந்து பாதியில் நிற்பார். ஒரு மீட்டர் விழுந்து கால் மீட்டருக்குள் நின்றால், நிறுத்தும் சராசரி விசை எடையைப் போல 5 மடங்கு. 60 கிலோ ஆளுக்கு அது 300 கிலோ. உச்ச விசை இன்னும் அதிகம். வீட்டு ஹாலில் ஃபேன் மாட்டும் கொக்கியில் புடவையைக் கட்டிப் பழகலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். பயிற்சிக்கூடங்களில் துணியை மாட்டும் காராபினர் வளையத்தின் பக்கவாட்டில் அதன் வலு பொறிக்கப்பட்டிருக்கும். 22 கிலோநியூட்டன் என்றால் சுமார் 2,200 கிலோ. ஆனால் அது நீளவாக்கில் இழுக்கும்போது மட்டும்தான். வளையம் குறுக்காகத் திரும்பிவிட்டால் பலவற்றில் வலு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

உடம்பு விஷயத்தில் பொறுமைதான் வேண்டும். தசை சில வாரங்களில் வலுவாகும். தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். தெம்பு வந்துவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் தோளும் முழங்கையும் வலிக்கத் தொடங்கும். தொங்கும்போது தோளைக் காதுவரை ஏறவிடாமல் கீழே இழுத்துப் பிடிக்க முதலில் பழகுங்கள். தலைகீழ் நிலை அதற்குப் பிறகு, அதுவும் இடுப்பு உயரத்தில். உயர் ரத்த அழுத்தமோ கண்ணில் குளுக்கோமாவோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாகத் தொங்க வேண்டாம். கீழே மெத்தை போட்டிருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். கணுக்காலைக் காக்கிற மெத்தை, தலைகீழாக விழுகிறவரின் கழுத்தைக் காக்கும் என்று சொல்ல முடியாது. எந்தச் சுற்றையும் அவிழ்க்கும் வழி தெரிந்த பிறகே போட வேண்டும். தனியாக ஒருபோதும் பழகக் கூடாது.

சேருவதற்கு முன் ஸ்டூடியோவில் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தக் கொக்கியை மாட்டியது யார்? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினாலோ முகம் சுளித்தாலோ, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.