நீலக் குவிமாடத்தின் கீழ் ஒரு சந்தை

மத்திய ஆசிய நாடான உஸ்பெகிஸ்தானின் தலைநகரம் தாஷ்கண்ட். அந்நகரின் பழைய பகுதிக்குச் செல்வோரின் கண்ணில் நீல நிறக் குவிமாடம் ஒன்று தொலைவிலிருந்தே தென்படும். அதை முதன்முறையாகக் காண்பவர்கள் பள்ளிவாசல் என்றோ அரண்மனை என்றோ எண்ணக்கூடும். உண்மையில் அது இறைச்சியும் பால்பொருளும் உலர்பழமும் விற்கப்படும் சந்தை. அதன் பெயர் சோர்சு. பாரசீக மொழியில் நான்கு திசைகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நான்கு வழிகள் கூடும் இடத்தில் வணிகம் தழைக்கும் என்பதை இப்பெயரே உணர்த்துகிறது.

மத்திய ஆசியா கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள நிலப்பகுதி. அங்குப் பெருங்கடல் துறைமுகங்கள் இல்லை. ஆயினும், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனா, இந்தியா, பாரசீகம், ஐரோப்பா ஆகியவற்றை இணைத்த பட்டுப்பாதை இந்நிலத்தின் வழியாகச் சென்றது. ஒட்டகங்களில் சரக்கேற்றி வந்த வணிகர்கள் பாலைவனத்தைக் கடந்து சமர்கண்ட், புகாரா, தாஷ்கண்ட் போன்ற நகரங்களில் தங்கினர். அவர்கள் பொருளை விற்கவும் வாங்கவும் கூடிய இடங்களே சந்தைகளாக வளர்ந்தன. பாரசீகத்தில் ‘பாஸார்’ எனப்பட்ட சொல் வணிகர்களோடு சேர்ந்து பல நாடுகளுக்குப் பயணம் செய்தது. தமிழில் வழங்கும் ‘பஜார்’ என்னும் சொல்லும், மலாய் மொழியில் நாள்தோறும் நாம் கேட்கும் ‘பாசார்’ என்னும் சொல்லும் அதன் வழித்தோன்றல்களே.

சந்தையின் அமைப்பு

சோர்சுவில் இன்று காணப்படும் குவிமாடக் கட்டடம் 1980ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதன் உட்புறத்தில் தூண்கள் பார்வையை மறைப்பதில்லை. வட்டமான தரைத்தளத்தில் இறைச்சி வகைகளும் பால்பொருள்களும் விற்கப்படுகின்றன. மேல்தளத்தைச் சுற்றி அமைந்துள்ள மாடத்தில் உலர்பழங்களும் கொட்டை வகைகளும் குவிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து கீழே நோக்கினால் ஒரே பார்வையில் முழுச் சந்தையையும் காணலாம். காய்கறி, பழம், அரிசி, ரொட்டி ஆகியவற்றுக்கான கடைகள் குவிமாடத்திற்கு வெளியே வரிசை வரிசையாகப் பரவியுள்ளன.

இங்கு ஒரே வகைப் பொருளை விற்பவர்கள் அருகருகே அமர்ந்திருப்பர். இது வியப்பாகத் தோன்றலாம். போட்டியாளரின் பக்கத்திலேயே கடை போடுவது நட்டமாகாதா? ஆனால், இவ்வமைப்பு இரு தரப்பினருக்கும் பயன் தருகிறது. வாங்குபவர் பத்தடி தூரத்திற்குள் பத்துக் கடைகளின் தரத்தையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். விற்பவருக்கோ, அப்பொருளைத் தேடி வரும் எல்லாரும் தம் கண்முன்னே கடந்து செல்வர் என்னும் உறுதி கிடைக்கிறது. புகாராவில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வணிகக் குவிமாடங்களும் இம்முறையிலேயே பொற்கொல்லர், தொப்பி விற்போர், நாணயம் மாற்றுவோர் எனத் தொழில்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

ரொட்டிக்குரிய மதிப்பு

உஸ்பெக் மக்களின் அன்றாட உணவில் முதலிடம் பெறுவது ‘நோன்’ என்னும் வட்ட ரொட்டி. நாம் அறிந்த ‘நான்’ ரொட்டியின் பெயரும் இதே மூலத்தைச் சேர்ந்ததுதான். பிசைந்த மாவை வட்டமாகத் தட்டி, ‘செகிச்’ எனப்படும் முள் அச்சால் நடுவில் குத்துவர். அதனால் நடுப்பகுதி உப்பாமல் அழகிய பூவேலைப்பாட்டுடன் அமைகிறது. பின்னர், சூடான களிமண் அடுப்பின் உட்சுவரில் மாவை ஒட்டிச் சுடுவர். வெந்த ரொட்டிகளைத் துணியால் போர்த்தி, குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் பழைய தள்ளுவண்டிகளில் வைத்து விற்பதைச் சந்தைகளில் காணலாம்.

ரொட்டியை மக்கள் வெறும் விற்பனைப் பொருளாகக் கருதுவதில்லை. அதைத் தலைகீழாக வைப்பதும் தரையில் போடுவதும் மரியாதைக் குறைவு. உணவு மேசையில் அதைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிட்டுப் பகிர்வர். வீட்டை விட்டு நெடுந்தூரம் செல்பவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் புறப்படும் வழக்கமும் உண்டு. அவர் திரும்பி வந்து எஞ்சியதைத் தின்னும்வரை குடும்பத்தார் அதைப் பாதுகாத்து வைப்பர். இத்தகைய மதிப்பு இருப்பதால் ரொட்டிக்குப் பொதுவாக யாரும் கடுமையாகப் பேரம் பேசுவதில்லை.

குவியல்கள் கூறும் வரலாறு

உலர்பழக் கடைகளில் ஆப்ரிகாட், உலர்திராட்சை, அக்ரூட், பாதாம், பிஸ்தா ஆகியவை சிறு குன்றுகளாக நிற்கும். அவற்றினிடையே நூலைச் சுற்றி விளைந்த பெரிய கற்கண்டுக் கட்டிகள் மின்னும். இதனை ‘நவாத்’ என்பர். தேநீருடன் சேர்த்து உண்பர். வெண்ணிற உருண்டைகளாகக் காணப்படும் ‘குர்த்’, உப்பிட்டு உலர்த்திய தயிராகும். மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்கள், பாலைக் கெடாமல் பாதுகாக்கக் கண்டறிந்த வழி இது. குதிரை இறைச்சியில் செய்யப்படும் ‘காஸி’ என்னும் பண்டமும் அதே மேய்ச்சல் வாழ்வின் எச்சமே.

அரிசிக் கடைகளில் கூட்டத்திற்குக் குறைவிருக்காது. அரிசி, ஆட்டிறைச்சி, வெங்காயம், கேரட் ஆகியவற்றைக் கொண்டு பெரிய இரும்புக் கொப்பரையில் சமைக்கப்படும் ‘பலோவ்’ இந்நாட்டின் தலைசிறந்த உணவு. இவ்வுணவைச் சார்ந்த பண்பாட்டை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுடைமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பலோவுக்காகவே மஞ்சள் நிறக் கேரட்டை மெல்லிய குச்சிகளாக நறுக்கிக் கொடுக்கும் பெண்களும் சந்தையில் இருப்பர். அதற்கு மணம் சேர்க்கும் சீரகத்தை உஸ்பெக் மொழியில் ‘ஸிரா’ என்பர். ‘சீரகம்’, ‘ஸிரா’ ஆகிய சொற்களின் ஒலி ஒற்றுமை தற்செயலானதன்று. மசாலைப் பொருள்கள் கைமாறியபோது சொற்களும் கைமாறின.

இன்னொரு வரிசையில் காரமும் புளிப்பும் கலந்த கேரட் கலவையைக் கொரிய வம்சாவளியினர் விற்பர். கொரியர்கள் இங்கு வந்த கதை துயரமானது. 1937ஆம் ஆண்டில் ஸ்டாலினின் ஆட்சி, சோவியத் ஒன்றியத்தின் தூரக் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 172,000 கொரியர்களைக் கட்டாயமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவிற்கு அனுப்பியது. பழகிய முட்டைக்கோசு கிடைக்காத புதிய நிலத்தில், எளிதாகக் கிடைத்த கேரட்டைக் கொண்டு அவர்கள் தங்கள் ஊறுகாய்ச் சுவையை உருவாக்கிக்கொண்டனர். இன்று அக்கலவை இல்லாத உஸ்பெக் சந்தை இல்லை என்றே கூறலாம். ஒரு மக்கள் கூட்டம் தன் அடையாளத்தை இழக்காமல் காத்துக்கொண்டதை அந்தச் சிறிய தட்டு எடுத்துரைக்கிறது.

பேரம் பேசும் முறை

இச்சந்தைகளில் பல பொருள்களுக்கு விலைச்சீட்டு இருக்காது. இருந்தாலும் அது இறுதி விலையாக இருக்க வேண்டியதில்லை. வாங்குபவரும் விற்பவரும் பேசியே விலையை முடிவு செய்வர். ஆனால், அப்பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

அனுபவமுள்ளவர்கள் உடனே வாங்க மாட்டார்கள். முதலில் சந்தையை ஒருமுறை சுற்றி வந்து விலை நிலவரத்தை அறிவர். பிறகு, வலக்கையை நெஞ்சில் வைத்து வணக்கம் கூறுவர். விற்பவரை ‘அகா’, ‘ஓபா’, ‘ஹோலா’ என்று உறவுமுறை சொல்லி அழைப்பர். அவை முறையே அண்ணன், அக்காள், சின்னம்மா எனப் பொருள்படும். அதன் பின்னரே விலை பற்றிய பேச்சு தொடங்கும். ஓர் உலர்பழக் கடையில் இளம்பெண் ஒருத்திக்கும் மூதாட்டி ஒருவருக்கும் இடையே பின்வருமாறு உரையாடல் நடப்பதாகக் கொள்வோம்.

“அஸ்ஸலாமு அலைக்கும், ஹோலா. இந்த ஆப்ரிகாட் கிலோ என்ன விலை?”

“வா, மகளே. முதலில் ஒன்றைத் தின்று பார். கிலோ அறுபதாயிரம் சோம்.”

“நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், விலை கூடுதல். நாற்பத்தைந்துக்குத் தாருங்களேன்.”

“அந்த விலைக்கு அதோ, அந்தக் குவியலில் இருப்பதைத் தருகிறேன். இது வெயிலில் காய்ந்தது. கந்தகப் புகை படாதது. ஐம்பத்தைந்து கொடு.”

“இரண்டு கிலோ எடுத்துக்கொள்கிறேன். ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“சரி, இரண்டு கிலோ என்றால் ஐம்பது. இந்தா, ஒரு பிடி உலர்திராட்சையும் வைத்துக்கொள்.”

இவ்வுரையாடலில் விலை மட்டும் பேசப்படவில்லை. விலையைக் குறைக்கச் சொன்னதும், மூதாட்டி தரத்தைப் பற்றி விளக்குகிறார். கந்தகப் புகை காட்டிய ஆப்ரிகாட் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இயல்பாகக் காய்ந்ததோ பழுப்பு நிறமாகச் சுருங்கியிருக்கும். அழகைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இச்செய்தி வாங்குபவருக்கு உதவுகிறது. அப்பெண்ணும் வெறுமனே விலையைக் குறைக்கச் சொல்லாமல், கூடுதலாக வாங்க முன்வருகிறாள். இறுதியில் கொசுறாகக் கிடைத்த ஒரு பிடி திராட்சை, “மீண்டும் வா” என்னும் அழைப்பாக அமைகிறது. இருவரும் சிறிது விட்டுக்கொடுத்தனர். இருவருமே ஒன்றைப் பெற்றனர்.

பேரம் ஏன் நிலைத்தது?

விலைச்சீட்டு ஒட்டி, எல்லாருக்கும் ஒரே விலை என விற்கும் முறை 19ஆம் நூற்றாண்டில்தான் பெரிய கடைகளின் வாயிலாகப் பரவியது. பாரிஸ் நகரின் ‘போன் மார்ஷே’ அங்காடி அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆலையில் செய்த பொருள்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதால் அவற்றுக்கு ஒரே விலை பொருந்தும். ஆனால், ஒரு தோட்டத்து முலாம்பழம் மற்றொரு தோட்டத்துப் பழத்தைப் போல் இனிப்பதில்லை. காலையில் பறித்த கீரை மாலையில் வாடிவிடும். ஆகவே, பொருளின் தரத்திற்கும் நேரத்திற்கும் ஏற்ப விலையும் மாறுகிறது.

அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், மொராக்கோ நாட்டுச் சந்தை ஒன்றை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இத்தகைய சந்தைகளில் பொருளைவிட நம்பத்தகுந்த தகவலே அரிதானது என்பது அவர் கருத்து. எது தரமானது, எது நியாயமான விலை என்பதை அறிவதே வாங்குபவரின் பெரும் வேலை. பேரம் அதற்கான ஒரு வழி. மற்றொரு வழி, ஒரே கடைக்காரரிடம் தொடர்ந்து வாங்குவது. வாடிக்கையாளரை இழக்க விரும்பாத வணிகர் அவரை ஏமாற்ற மாட்டார். இவ்விளக்கம் மத்திய ஆசியச் சந்தைகளுக்கும் பொருந்துகிறது.

சோவியத் ஆட்சியிலும் இம்மரபு அழியவில்லை. அரசுக் கடைகளில் விலையை அரசே நிர்ணயித்தது. எனினும், கூட்டுப்பண்ணை உழவர்கள் தம் சொந்தத் துண்டு நிலத்தில் விளைந்தவற்றைச் சந்தையில் விற்க 1932ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டனர். அரசுக் கடையில் கிடைக்காத புதிய காய்கறிகளைத் தேடி நகர மக்கள் சந்தைக்கே வந்தனர்.

பேரத்தின் எல்லை

பேரத்தில் குறையே இல்லை எனக் கூற முடியாது. விலை நிலவரம் அறியாத அயலாரிடமும் பேசத் தயங்குவோரிடமும் கூடுதல் விலை கேட்கப்படலாம். விலைச்சீட்டு அத்தகையோரைக் காக்கிறது. மறுபுறம், பேரத்தில் வெல்வதையே சாதனையாகக் கருதும் சுற்றுப்பயணிகளும் உள்ளனர். 2024ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க வெள்ளியின் மதிப்பு 12,000 சோமுக்கும் அதிகம். எனவே, ஐயாயிரம் சோமுக்காக நெடுநேரம் வாதிடும் பயணி மிச்சப்படுத்துவது அரை வெள்ளிக்கும் குறைவு. தம் தோட்டத்தில் விளைந்த கீரைக்கட்டுகளைப் பரப்பி அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கோ அத்தொகை அன்றைய வருமானத்தில் ஒரு பகுதி.

ஆகையால், சில வரம்புகளை மதிப்பது நல்லது. வாங்கும் எண்ணம் இல்லாதபோது விலையைக் குறைக்கச் சொல்லி வணிகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. சுவை பார்க்கக் கொடுப்பதை வயிறு நிரப்பும் வாய்ப்பாகக் கருதக் கூடாது. கேட்ட விலைக்கு வணிகர் இசைந்த பிறகு வாங்காமல் நகர்வது பேச்சு தவறியதாகும். பொருளை இழிவுபடுத்திப் பேசாமலே விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

தாஷ்கண்டிலும் இன்று குளிரூட்டப்பட்ட பேரங்காடிகள் பெருகி வருகின்றன. அங்கு ஒரு சொல்கூடப் பேசாமல் வேண்டியதை எல்லாம் வாங்கித் திரும்பலாம். அவசரத்தில் இருப்போருக்கு அது வசதிதான். ஆயினும், எந்த அரிசி பலோவுக்கு ஏற்றது, எந்த முலாம்பழம் இன்றைக்கு உண்ணத் தக்கது, எது இன்னும் மூன்று நாள் தாங்கும் என்பன போன்றவற்றை விலைச்சீட்டு கூறாது. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புவோர் இன்றும் நீலக் குவிமாடத்தை நோக்கியே பையை எடுத்துக்கொண்டு நடக்கின்றனர். ‘ரஹ்மத்’ என நன்றி கூறி வாங்குபவர் விடைபெற, ‘பரகா தோப்பிங்’ என வணிகர் வாழ்த்துகிறார். ‘உமக்கு வளம் பெருகட்டும்’ என்பது அதன் பொருள்.