எழுத்துத் திரையில் இசை ஒலிபரப்பு

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளநூல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவினார். ஆகாசவாணி என்னும் பெயர் பூண்ட அந்நிலையம் 1955இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அதே நகரிலிருந்து 2016ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் ‘ராகம்’ என்னும் சாஸ்திரிய சங்கீத அலைவரிசை தொடங்கப் பெற்றது. கர்நாடக சங்கீதத்தையும் ஹிந்துஸ்தானி சங்கீதத்தையும் இரவும் பகலும் அளிக்கும் இவ்வலைவரிசையை நாட்டின் மூலை முடுக்குகளுக்கு எட்டச் செய்பவை செயற்கைக் கோளும் இணையமுமே ஆகும்.

இணையத்தின் வழியே கேட்பதற்குப் பெரும்பாலோர் பிரவுசரையோ கைப்பேசிச் செயலியையோ நாடுகின்றனர். பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறக்குங்கால் பாட்டுடன் படங்களையும் அலங்காரங்களையும் துணை நிரல்களையும் சேர்த்தே இழுத்து வருகிறது; கணிப்பொறியின் நினைவகத்தில் பல நூறு மெகாபைட் இடத்தை அடைத்துக் கொள்கிறது. பள்ளி அலுவலகத்தின் மூலையில் துணி போர்த்தி ஒதுக்கப்பட்டுள்ள பழைய கணிப்பொறி இச்சுமையைத் தாங்காது. பழுது ஏதுமின்றியே அப்பொறி பயனற்றதென்று கழிக்கப்படுவதும் உண்டு. அதற்கு மறுவாழ்வு அளிக்கக் கூடியது எழுத்துத் திரை முறையாகும்.

டெர்மினல் எனப்படும் இத்திரையில் படமோ பொத்தானோ இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்தால், விடையும் எழுத்தாகவே வரும். தந்தி அலுவலகங்களில் முன்பு இருந்த டெலிபிரிண்டரின் வழித்தோன்றல் இது. லினக்ஸ் முறைமையில் இத்திரையைக் குறிக்கும் ‘டிடிஒய்’ என்னும் சொல் அப்பழைய பொறியின் பெயர்ச் சுருக்கமே. இத்திரையில் இயங்கும் இசை நிரல்கள் பல உள. ஹங்கேரி நாட்டில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய எம்பிளேயரின் வழிவந்த ‘எம்பிவி’ அவற்றுள் எளியது. நிரலின் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒலிபரப்பின் இணைய முகவரியை எழுதி, என்டர் விசையை அழுத்தினால் பாட்டு ஒலிக்கத் தொடங்கும். 9 என்னும் விசை ஒலியைக் குறைக்கும், 0 கூட்டும், நீண்ட இடைவெளி விசை நிறுத்தி வைக்கும், ‘கியூ’ விசை நிரலை முடித்து விடும்.

இவ்வொலிபரப்பு வந்து சேரும் விதம் அறியத்தக்கது. தொடர்ந்து வரும் ஒலி, சில விநாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு வழங்கியில் வைக்கப்படுகிறது. எத்துண்டுக்குப் பின் எத்துண்டு என்பதைக் கூறும் பட்டியல் ஒன்று அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. அப்பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பே. நிரல் அதனைப் படித்து, துண்டுகளை முறையே பெற்று, சிறிது சேமித்துக் கொண்டு ஒலிக்கிறது. ஆதலால் இணையத்தில் கேட்பது நிலையத்தில் நிகழ்வதற்குச் சற்றுப் பிந்தியதேயாகும். வானொலியின் நேர ஒலியைக் கேட்டுப் பள்ளிக் கடிகாரத்தைத் திருத்தும் வழக்கமுடையோர் இதனை மறத்தல் ஆகாது!

செலவுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் ஒலி, 8 கிலோபைட்டுக்குச் சமம். ஒரு மணி நேரத்தில் 28.8 மெகாபைட் ஆகும். அதே கச்சேரியைக் காட்சியுடன் விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் பெற்றால் மணிக்கு 450 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் அளவே உடைய பணியாளர் ஒருவருக்கு, காட்சி மூன்று மணி இருபது நிமிட நேரத்தில் அவ்வளவையும் விழுங்கி விடும். மாலையில் அனுப்ப வேண்டிய களக் குறிப்புகளுக்கு மிச்சம் இராது. ஒலியை மட்டும் பெற்றாலோ நாள் முழுவதும் கேட்டும் பாதி கூடக் கரையாது. காட்சிச் சாளரத்தைச் சுருக்கி வைப்பதால் மட்டும் செலவு குறைந்து விடும் என்று எண்ணுதல் தவறு. மறைந்திருக்கும் படமும் வந்து கொண்டேயிருக்கலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. நிலையத்தின் முகவரி மாறினால் நிரல் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டி நின்று விடும். புதிய முகவரியைத் தேடிப் பெறுதல் கேட்பவர் பொறுப்பு. 2019இல் இந்தியாவில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளுக்கும் எழுத்துத் திரை நிரல் உண்டு. ஆனால் ‘என்சிஸ்பாட்’ என்னும் அந்நிரல் கட்டணச் சந்தாதாரருக்கே பயன்படும். பார்வையற்ற ஆசிரியர்களுக்குத் திரைவாசிப்பான் துணையுடன் எழுத்துத் திரை மிக ஏற்றது என்பர். இது முழு உண்மையன்று. சட்டங்களும் நெடுவரிசைகளும் வரைந்து திரை முழுவதையும் ஓயாது மாற்றியெழுதும் நிரல்கள் வாசிப்பானைக் குழப்புகின்றன. வரி வரியாகப் பேசும் நிரலே அவர்களுக்கு உகந்தது. எம்பிவியிலும் ஓடும் நேரத்தைக் காட்டும் வரியை அடக்கி வைத்தல் நலம். அதற்குரிய கட்டளை அந்நிரலிலேயே உளது.

ஒவ்வொரு முறையும் நீண்ட முகவரியைத் தட்டச்சு செய்வது தொல்லை. எனவே சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் வரிக்கு ஒரு முகவரியாக எழுதி, கோப்பின் பெயரை ‘எம்3யு’ என்று முடியுமாறு சேமித்துக் கொண்டால், அக்கோப்பின் பெயரை மட்டும் நிரலுக்குத் தந்தால் போதும். முதல் வரியில் ராகம், அடுத்ததில் அண்டை நிலையம் என அமைத்துக் கொள்ளலாம். நிலையங்களை மாற்றுவதற்குப் பெரிது, சிறிது என்னும் கணிதக் குறி விசைகள் இரண்டும் உதவும்.