கைத்தொலைபேசி வகுப்பும் பெயர்ப் பட்டியலும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட் நோய் பரவிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஹட்டன் பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்கென நாம் நடத்திவந்த இளைஞர் பயிற்சி வகுப்பைக் கைத்தொலைபேசிக்கு மாற்றினோம். லயன் அறைக்குள் அலை எட்டாமையால் தேயிலை மலையுச்சிக்கு ஏறிப் பாடங்கேட்ட பிள்ளைகள் பலர்.

அதனினும் பெரிய இடரொன்று எம்மாலேயே விளைந்தது. சேர்க்கைப் படிவத்தில் முகவரி, அடையாள அட்டைப் பிரதி, பெற்றோர் வருமானம் யாவற்றையும் கேட்டிருந்தோம். அப்பட்டியலை ஒருவர் கவனமின்றி வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டார். வீட்டு வறுமையைத் தோட்டமே படித்தது. மறுநாள் முதல் ஒரு மாணவி வரவில்லை.

இத்தனையும் எதற்கென்று பெற்றோர் எவரும் எம்மை வினவியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. செக்ரோலில் பெயர் விழுந்தாலன்றிக் கூலியில்லை என வாழ்ந்த மக்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புச் சான்று கேட்டபோது, அதனைக் காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். தாள் கேட்பவரை எதிர்த்து வினவும் துணிவு அவர்தம் பேரர்க்கு எளிதில் வருமா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த நெறி எளியது. கூறிய நோக்கத்துக்கே தகவல் பெறுதல் வேண்டும். தேவைக்கு மேற் பெறலாகாது. தேவை தீர்ந்தபின் வைத்திருத்தலும் ஆகாது. சட்டம் வருமுன்னரே ஆசிரியராகிய எமக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

இப்பொழுது பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே எழுதுகிறோம். உதவிப்பணம் வேண்டுவோர் தம் நிலையை ஓர் ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கூறினாற் போதும். பயிற்சி முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுகிறோம். அம்மாணவி சில வாரங்களின் பின் மீண்டும் சேர்ந்தாள். தன் லயன் அறை பிறர் கண்ணிற் படாதிருக்கப் படக்கருவியை மூடியே வைத்தாள். திறக்குமாறு நாம் கேட்கவில்லை.