தொடுவுணர்வுக்கும் வயதாகும்

பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். காது மந்தமானால் வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுகிறார்கள். தொடுவுணர்வு குறைவதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. சட்டைப் பொத்தானைப் போடத் தாத்தா தடுமாறினால் கை நடுக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். பல சமயம் நடுக்கமே இருக்காது. பொத்தானின் விளிம்பு விரலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

தொடுதலை உணர்வதற்குத் தோலில் ஏற்பிகள் என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. விரல் நுனியில், மேல்தோலை ஒட்டினாற்போல் கீழே இருப்பவை மெய்ஸ்னர் ஏற்பிகள். ஜெர்மானியரான கேயார்க் மெய்ஸ்னர் 1852இல் இவற்றை விவரித்தார். கையில் பிடித்த டம்ளர் நழுவத் தொடங்கினால், பிடியை இறுக்கச் சொல்லி மூளைக்குச் சேதி அனுப்புவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்னும் ஆழத்தில் பாசினி ஏற்பிகள். வெங்காயம்போல அடுக்கடுக்கான படலங்கள், நடுவே ஒரு நரம்பு முனை. நொடிக்கு 200, 300 முறை அதிரும் நுண்ணதிர்வைக்கூட இவை பிடித்துவிடும். மெர்க்கல் செல்களின் வேலை விளிம்பையும் புள்ளியையும் அறிவது. அழுத்தத்தை மின்சைகையாக மாற்றும் பீசோ2 என்ற புரதத்தைக் கண்டறிந்த ஆர்டம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயது ஏற ஏற மெய்ஸ்னர் ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைகின்றன, மிஞ்சியவையும் சிறுத்துப்போகின்றன. பாசினி ஏற்பிகளும் குறைவதால் நுண்ணதிர்வு தெரிவதில்லை. நரம்பின் வேகமும் மட்டுப்படுகிறது. இளைஞரின் விரல் நுனி சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணரும். இருபது வயதிலிருந்து எண்பது வரை இந்தக் கூர்மை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் மழுங்குவதாக அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஸ்டீவன்ஸ் கணக்கிட்டார்.

ஆனால் இது எல்லோருக்கும் எழுதிவைத்த விதி இல்லை. பிரெய்ல் படிக்கும் பார்வையற்றவர்களைக் கார்டன் லெக் குழுவினர் 2008இல் சோதித்தபோது, முதுமையிலும் அவர்களின் விரல் கூர்மை குறையவில்லை. ஓயாத பழக்கம் ஏற்பிகளின் இழப்பை ஈடுகட்டுகிறது என்றே கருதத் தோன்றுகிறது.

கையைவிடக் கவலை தரவேண்டியது கால். கால்விரல்களில் உணர்வு வேகமாகக் குறைகிறது. தரை சரியாகத் தெரியாவிட்டால் நடை தள்ளாடும், விழவும் நேரும். சர்க்கரை நோயும் சேர்ந்தால் செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. முள் குத்திப் புண்ணானது மறுநாள்தான் தெரியவரும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து மருத்துவர்கள் இதைச் சோதிக்கிறார்கள். வலியில்லை, சில நிமிட வேலை. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். அவருடைய உள்ளங்கால்களைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.