உடற்பருமன் அறுவைக்குப் பிந்தைய ஊட்டச்சத்துக் குறைபாடு

உடற்பருமன் அறுவைக்குப் பிந்தைய ஊட்டச்சத்துக் குறைபாடு என்பது, எடையைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் உயிர்ச்சத்துகள், தாது உப்புகள், புரதம் ஆகியவை உடலுக்குப் போதாமல் போகும் நிலையாகும். எடை குறைந்து, நீரிழிவும் கட்டுக்குள் வந்து, நோயாளி நலமாக உணரும் காலத்திலேயே இது தொடங்கிவிடலாம்.

இன்று பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதி நீளவாக்கில் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குழல்போல் ஆக்கப்படுகிறது. மற்றொன்று மாற்றுவழி அறுவை. இதில் இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. இதன் முதல் வடிவத்தை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966 இல் செய்தார்.

மாற்றுவழி அறுவையில் உணவு முன்சிறுகுடலைத் தொடுவதில்லை. இரும்பும் கால்சியமும் மிகுதியாக உறிஞ்சப்படும் இடம் அதுவே. அமிலச் சுரப்பும் குறைந்துவிடுவதால், கால்சியம் கார்பனேட்டைவிட அமிலம் தேவைப்படாத கால்சியம் சிட்ரேட்டு மாத்திரையே பொருத்தமானது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புக் குறைவால் இரத்தசோகை எளிதில் வரும்.

உயிர்ச்சத்து பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் தேவை. அறுவைக்குப் பின் அது உணவுடன் போதிய அளவு சேர்வதில்லை. ஆனால் கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதும் என்பதால் குறை உடனே தெரிவதில்லை. மாத்திரை தேவையில்லை என்று நோயாளி நிறுத்திவிடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பின்னர் கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி ஆகியவை தோன்றலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டால் இரத்தசோகை சரியாகிவிடும். நரம்புச் சிதைவோ மறைவாகத் தொடரும். எனவே பி12 மாத்திரையோ ஊசியோ வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 இதற்கு நேர்மாறானது. இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். அறுவைக்குப் பின் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், முதல் சில மாதங்களுக்குள்ளேயே வெர்னிக்கே மூளைநோய் ஏற்படலாம். 1881 இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த இந்நோயில் மனக்குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம் ஆகியவை காணப்படும். மூன்றும் ஒருங்கே தோன்ற வேண்டும் என்பதில்லை. சோர்ந்து வரும் நோயாளிக்கு வழக்கம்போல் குளுக்கோசு ஏற்றுவது இங்கு ஆபத்தாகலாம். குளுக்கோசை எரிக்கத் தயமின் செலவாவதால் எஞ்சியதும் தீர்ந்துபோகும். ஆகவே ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், குளுக்கோசுக்கு முன்போ அதனுடன் சேர்த்தோ தயமின் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. உரிய நேரத்தில் கொடுத்தால் கண் அசைவு சில மணி முதல் சில நாட்களுக்குள் சீராகத் தொடங்கும். தாமதித்தால் ஏற்படும் நினைவிழப்பு பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.