பாரம் தாங்கும் டயர்

டயர் வட்டமாக இருக்கும், கறுப்பாக இருக்கும், காற்றடித்தால் ஓடும். சென்ற ஆண்டு கோடை விடுமுறை வரை டயரைப் பற்றி நான் அறிந்திருந்தது இவ்வளவே. அதற்கு மேல் அறிய நேர்ந்தது ஒரு விபத்தினால். அவ்விபத்தையும், அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊரில் வீடுகளுக்குத் தளம் போடும் கான்கிரீட் கோஷ்டி ஒன்று உண்டு. மேஸ்திரியின் பிக்கப் வண்டியில் சென்ட்ரிங் தகடுகளும் முட்டுகளும் ஏறும். அவற்றின் மேல் வேலையாட்கள் ஏறுவர். வண்டியின் பின்னால் இரண்டு சக்கரமுள்ள கலவை மிஷினைக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்வர். இக்காட்சியைத் தமிழ்நாட்டின் எந்தச் சாலையிலும் காணலாம். என் தாயார் அக்கோஷ்டியில்தான் சட்டி தூக்குகிறார்.

மே மாதத்து மாலை ஒன்றில் வேலை முடிந்து திரும்பும்போது வண்டியின் இடப்புறப் பின் டயர் வெடித்தது. பின்னால் வந்த மிஷின் இப்புறமும் அப்புறமும் ஆடி வண்டியையும் சேர்த்துச் சாலையை விட்டு இறக்கியது. பின்னால் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. என் தாயாருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே.

"வெயில் கொடுமை" என்றனர் சிலர். "நேரம் சரியில்லை" என்றனர் வேறு சிலர். மறுநாள் பஞ்சர் கடையில் கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்த முதியவர் மட்டும், "இது கார் டயருப்பா. லோடு வண்டிக்கு யார் இதை மாட்டினது?" என்று கேட்டார். பழைய டயராக, மலிவாகக் கிடைத்தது என்று மேஸ்திரி வாங்கிப் போட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீ காலேஜ்ல படிக்கிற புள்ளதானே? அதுல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார். நான் படித்தேன். எழுத்துகளைப் படிக்க முடிந்தது, பொருள் தெரியவில்லை. இயற்பியல் மாணவனாகிய எனக்கு அன்று ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து எனலாம்.

பாரத்தைத் தாங்குவது எது?

ரப்பர்தான் வண்டியைத் தாங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பாரத்தில் பெரும் பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. டயரின் வேலை அக்காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதாகும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அன்று தொட்டு இன்று வரை தத்துவம் ஒன்றே.

அழுத்தம் என்பது ஓரலகு பரப்பின் மீது செயல்படும் விசை. ஆகவே ஒரு டயர் சுமக்கும் எடையைக் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு டயர் 855 கிலோ சுமப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 65 பவுண்டு காற்று இருப்பின், அது சதுர சென்டிமீட்டருக்கு 4.57 கிலோ ஆகும். தொடு பரப்பு சுமார் 187 சதுர சென்டிமீட்டர். அதே பாரத்துக்கு 35 பவுண்டுதான் இருப்பின் தொடு பரப்பு 348 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். அதாவது டயர் நசுங்கித் தட்டையாகி, அதன் பக்கச்சுவர் பிதுங்கும்.

பிதுங்கினால் என்ன கேடு? ரப்பரை வளைத்து விட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் வளைப்பதற்குச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகத் தங்கி விடுகிறது. காந்தவியலில் நாம் படிக்கும் தயக்கம் என்னும் பண்பு ரப்பருக்கும் உண்டு. எங்கள் வண்டியின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27,000 சுற்று. பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் அத்தனை முறை வளைந்து நிமிர்கிறது. வளைவு அதிகமானால் வெப்பமும் அதிகமாகிறது. வெப்பம் வெளியேறும் வேகத்தைக் காட்டிலும் உண்டாகும் வேகம் மிகுந்தால், ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகளுக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. முடிவு வெடிப்பு. கோடை வெயில் இதற்குத் துணை செய்யும். ஆயினும் முதற் குற்றவாளி பாரமும் காற்றுக் குறைவுமே. மயிலிறகே ஆயினும் பாரம் அளவு மீறினால் வண்டி கெடும் என்ற வள்ளுவர் வாக்கு இன்றைய ரப்பர் சக்கரத்துக்கும் பொருந்துவதே.

டயரின் மேல் எழுதியிருப்பது என்ன?

எங்கள் வண்டிக்குரிய டயரின் அளவு 215/75 ஆர் 15. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 75 விழுக்காடு என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்பது ரேடியல் வகை. மிச்செலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதில் நூல் அடுக்குகள் குறுக்காகச் செல்லும். மேலே எஃகுப் பட்டைகள் சுற்றியிருக்கும். 15 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில்.

அளவு பொருந்தினால் போதும் என்று எண்ணியதே நாங்கள் செய்த பிழை. அளவுக்குப் பின்னால் எழுதியிருக்கும் எண்ணே உயிர்நாடி. வெடித்த டயரில் 100எஸ் என்று இருந்தது. 100 என்பது பாரக் குறியீட்டு எண். அதற்குரிய பாரம் 800 கிலோ. 'எஸ்' என்பது வேகக் குறி: மணிக்கு 180 கிலோமீட்டர். இது காருக்கான டயர். இதற்குரிய முழுப் பாரக் காற்று சுமார் 35 பவுண்டுதான்.

இதே அளவில் லோடு வண்டிக்கான டயரும் உண்டு. அதில் 'எல்டி' அல்லது 'சி' என்னும் எழுத்து இருக்கும். பாரக் குறியீடு 106/103 என்று இரட்டையாக இருக்கும். முதல் எண், ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் மாட்டும்போது 950 கிலோ எனப் பொருள்படும். இரண்டாவது எண், இரட்டைச் சக்கரமாக மாட்டும்போது டயர் ஒன்றுக்கு 875 கிலோ. இந்த 950 கிலோவைத் தாங்க 65 பவுண்டு காற்று வேண்டும். '8 பி.ஆர்.' என்ற குறியும் இத்தகைய டயரில் காணப்படும். முற்காலத்தில் அது பருத்தி நூல் அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறித்தது. இன்று அது வலிமையின் அளவு மட்டுமே. எட்டு அடுக்கு உள்ளே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

கார் டயரை லோடு வண்டியில் மாட்ட நேர்ந்தால் அதன் பாரத்தை 1.10ஆல் வகுத்துக் கொள்ள வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் நியமம். அவ்வாறு வகுத்தால் 800 கிலோ, 727 கிலோ ஆகிவிடுகிறது.

கொக்கியின் கணக்கு

இழுக்கும் வண்டிக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. பின்னால் வரும் மிஷினின் எடை அதன் சொந்தச் சக்கரங்கள் மீது இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அதில் ஒரு பகுதி கொக்கியை அழுத்துகிறது என்பதை மறந்து விடுகிறோம். கொக்கியோ பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எனவே வண்டி ஒரு நெம்புகோலாகி விடுகிறது.

கொக்கியின் மீது 150 கிலோ அழுத்துவதாகவும், கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். முன் அச்சைத் தாங்கு புள்ளியாகக் கொண்டு திருப்புத்திறன் கணக்கிட்டால், பின் அச்சின் மீது கூடும் பாரம் 150 × 4.2 ÷ 3 = 210 கிலோ. கொக்கியில் இருப்பதோ 150 கிலோதான். மீதி 60 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து வந்தது. முன் சக்கரம் அந்த அளவு இலேசாகிறது. அதனால் ஸ்டியரிங் பிடிப்பும் குறைகிறது. கரும்புப் பாரத்தோடு டிரெய்லரை இழுக்கும் டிராக்டர் மேட்டில் முன்னங்கால் தூக்குவதற்கும் இந்த இலேசான முன் அச்சு ஒரு காரணம்.

இப்போது எங்கள் வண்டியின் பின் அச்சைக் கணக்கிடுவோம். காலி வண்டியின் பின் அச்சு எடை சுமார் 700 கிலோ. தகடு, முட்டு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து 1,000 கிலோ. அதில் பின் அச்சுக்கு வருவது 800 கிலோ எனலாம். கொக்கியால் 210 கிலோ. ஆக மொத்தம் 1,710 கிலோ. ஒரு டயருக்கு 855 கிலோ. வெடித்த டயரின் முழுத் தகுதியே 800 கிலோ, நியமப்படி 727. அன்று வெடித்ததில் வியப்பில்லை. அதுவரை வெடிக்காமல் இருந்ததே வியப்பு! லோடு டயராக இருந்திருப்பின் 950 கிலோவுக்கு 855 கிலோ. பள்ளத்திலும் திருப்பத்திலும் ஏறும் அதிகச் சுமைக்கு இடம் இருந்திருக்கும்.

இக்கணக்கில் வரும் எடைகள் என் மதிப்பீடு. சரியான எடை வேண்டுவோர், முழுப் பாரத்தோடும் மிஷினோடும் எடை மேடைக்குச் சென்று பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, பின் அச்சின் பாரத்தில் பாதியை விடப் பாரக் குறியீடு தாராளமாக மிகுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, டிஸ்க்கும் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்கத் தக்கதாக இருக்க வேண்டும். கார் டிஸ்க்கில் லோடு டயரை மாட்டி 65 பவுண்டு ஏற்றுவது ஆபத்து.

மூன்றாவது, டயரின் வயது. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போலத் தோன்றும் டயரும் வயதானால் உள்ளே கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். பழைய டயர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

நான்காவது, பட்டனின் ஆழம். பள்ளங்களின் நடுவே சிறு மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால், மீதமுள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் ஓட்டலாகாது. மழை நீரை ஒதுக்கித் தள்ளும் திறன் அதற்கு முன்பே குறைந்து விடும்.

ஐந்தாவது, ஒரே அச்சில் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒருபுறம் ரேடியலும் மறுபுறம் நைலானும் மாட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் மிஷின் இருக்கும்போது அந்த இழுப்பே ஆட்டமாக மாறும்.

ஆறாவது, மிஷினின் டயர்கள். வேறு வண்டியில் தேய்ந்து கழித்தவைதான் பெரும்பாலும் அதற்கு வாய்க்கின்றன. அவற்றில் காற்றைப் பார்ப்பாரும் இல்லை. அந்தச் சக்கரம் வெடித்தாலும் முன்னால் போகும் வண்டிதான் கவிழும்.

இறுதியாக, காற்று. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை இங்கே நினைவு கூர்வோம். காலையில் 27 டிகிரியில் 65 பவுண்டு இருந்த டயர், ஓடி 57 டிகிரி ஆனதும் 73 பவுண்டு காட்டும். பயந்து 8 பவுண்டை இறக்கி விட்டால், ஆறிய பின் இருப்பது 58தான். மறுநாள் குறைந்த காற்றோடு பாரம் ஏறுகிறது. சூடான டயரில் காற்றை இறக்குவது பாதுகாப்பு அன்று, வெடிப்புக்கு அழைப்பு.

முடிவாக

இக்கணக்கை ஒரு தாளில் எழுதி மேஸ்திரியிடம் காட்டினேன். இரண்டு டயருக்கான பணம் அவருக்குப் பெருந்தொகை. மூன்று நாள் யோசித்தார். பிறகு 106/103 போட்ட புதிய டயர் இரண்டு வாங்கிப் பின் அச்சில் மாட்டினார். காற்று அளக்கும் மானி ஒன்றையும் வாங்கி வண்டியில் வைத்துக் கொண்டார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். நல்ல டயர் மாட்டியதால் ஆட்களைச் சுமையின் மேல் ஏற்றிச் செல்வது சரியாகி விடாது. சரக்கு வண்டியில் அவ்வாறு ஆட்களை ஏற்றுவதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். "பஸ்ஸு அந்த நேரத்துக்கு வரணுமே தம்பி" என்றார். அதற்கு என் தாளில் விடை இல்லை.

டயர் மாட்டிய அன்று என் தாயார் அதன் அருகே நின்று, "இந்த எழுத்து என்னடா?" என்று விரலால் தொட்டுக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போது கோஷ்டியில் உள்ள பெண்கள் எல்லோருக்கும் 106 என்றால் என்னவென்று தெரியும்.

நண்பர்களே, நம்மில் பலருடைய பெற்றோர் இத்தகைய வண்டிகளிலேதான் வேலைக்குச் செல்கின்றனர். இன்று மாலை வீடு திரும்பியதும் அவ்வண்டியின் பின் சக்கரத்தருகே ஒரு நிமிடம் குனிந்து, எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வகுப்பறையில் நாம் கற்ற அழுத்தமும் திருப்புத்திறனும் அங்கே நமக்காகக் காத்திருக்கின்றன.