உரையொலிப்புக் கருவியும் தமிழ் எழுத்துமுறையும்: வாசிப்புச் சிரமமுடைய ஆசிரியர்களை முன்வைத்து

முன்னுரை

வாசிப்புச் சிரமம் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் மாணவரை மையமிட்டவை. சிரமமுடைய குழந்தை வளர்ந்து, பட்டம் பெற்று, ஆசிரியப் பணிக்கும் வரக்கூடும் என்பது அவற்றில் அரிதாகவே எண்ணப்பட்டுள்ளது. டிஸ்லெக்சியா வயது ஏற ஏற நீங்கிவிடும் நோயன்று. வாழ்நாள் முழுவதும் தொடரும் அறிதிறன் இயல்பு. டிஸ்லெக்சியா, ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம் முதலியவற்றைப் பிழைகளாகக் கொள்ளாது மனித மூளையின் வேறுபட்ட இயங்குமுறைகளாகக் காணும் 'நரம்பியல் பன்மை' என்னும் கருத்து 1990களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் 21 வகைகளுள் சேர்த்தது. அரசுப் பணியிட ஒதுக்கீட்டிலும் இவர்களுக்கு இடமளித்தது. எனவே வாசிப்புச் சிரமமுடைய ஆசிரியர் என்பவர் கற்பனைப் பாத்திரமல்லர். சட்டம் எதிர்நோக்கியுள்ள பணியாளர்.

இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் முதன்மைத் துணை, எழுத்துரையைக் குரலாக மாற்றித் தரும் உரையொலிப்புக் கருவி. தமிழுக்கு இக்கருவிகள் இல்லாமலில்லை. ஈஸ்பீக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் தமிழை ஒலிக்கின்றன; ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ்க்குரல் கிடைக்கிறது; சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திய மொழிகளுக்கான குரலாக்க ஆய்வுகள் நீண்ட காலமாக நடைபெற்று வருகின்றன. ஆகவே இன்றைய தடை கருவியின்மையன்று. கருவி வாசித்தற்கேற்ற வடிவில் தமிழ் உரைகள் இல்லாமையே தடை. அவ்வுரைகளை எழுதுவோரும் பதிப்போரும் பெரும்பாலும் தமிழ்த்துறையினர் என்பதால், இது கணினித் துறைக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

சிரமத்தின் தமிழ் வடிவம்

ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு சிக்கலானது. அங்கு டிஸ்லெக்சியா தவறான வாசிப்பாக வெளிப்படையாகத் தெரியும். இத்தாலியம், ஜெர்மன் போன்று எழுத்து-ஒலித் தொடர்பு ஒழுங்காக அமைந்த மொழிகளில் அது பிழையைவிட வேகக் குறைவாகவே மிகுதியும் வெளிப்படுகிறது என்பது வாசிப்பாய்வில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. தமிழும் பெருமளவு ஒழுங்குடைய எழுத்துமுறையே. ஆதலால் சிரமமுடைய தமிழாசிரியர் சரியாகவே வாசிப்பார். ஆனால் மெதுவாக, மிகுந்த களைப்புடன் வாசிப்பார். பிழை பிறர் காதில் விழும், களைப்பு விழாது. பாடநூல், ஆசிரியர் கையேடு, அரசாணை, முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள், புலனக் குழுவில் வந்து குவியும் அறிவிப்புகள் என நாள்தோறும் வாசிக்க வேண்டியவற்றை அவர் இரவில் வீட்டில் மீண்டும் எடுத்து முடிக்கிறார் என்பதை உடன் பணியாற்றுவோர் அறியார்.

தமிழ் எழுத்தின் வரிவடிவமும் தனிச்சுமை ஒன்றைத் தருகிறது. கெ, கே, கை ஆகியவற்றில் உயிரொலிக்குரிய குறி மெய்க்கு முன்னர் நிற்கிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் இருபுறமும் நிற்கிறது. கண் காணும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் ஒன்றல்ல. பழகிய வாசகர் இதை உணர்வதேயில்லை. எழுத்தை ஒலியாக்குவதிலேயே இடர்ப்படுபவருக்கு ஒவ்வொரு கொம்பும் ஒரு சிறு தடை. ஒலிக்கப்படும் சொல்லைத் திரையில் அதே கணத்தில் வண்ணமிட்டுக் காட்டும் வசதி இங்குதான் பயன்படுகிறது: ஒலியாக்கும் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்ள, வாசகரின் கவனம் பொருள்மீது செல்கிறது. வாசிப்புக் குறைபாடுடையோரிடத்து இத்தகைய துணை பொருளுணர்தலை மிதமான அளவில் மேம்படுத்துகிறது என 2018இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அது மாணவர் பற்றியது. ஆசிரியர் பற்றிய ஆய்வுகள் உலக அளவிலேயே குறைவு.

'கேட்டல் வாசிப்பாகுமா?' என்னும் ஐயம் எழலாம். ஆசிரியரிடம் கற்பதையே 'பாடம் கேட்டல்' என வழங்கிய மரபு தமிழ் மரபு. நன்னூல் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் வரலாற்றைத் தனியே எடுத்துரைக்கிறது. செவிவழி அறிவைத் தாழ்வாகக் கருதுவது அச்சுப் பண்பாடு தந்த பழக்கம்.

ஒற்று என்னும் ஒலிக்கட்டளை

கருவி உரையை எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை. முதலில் எண், சுருக்கக்குறி முதலியவற்றைச் சொற்களாக விரிக்கிறது. பிறகு வரிவடிவத்தை ஒலியன்களாக மாற்றுகிறது. இறுதியில் நிறுத்தம், ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் கணித்து ஒலி அலையை உண்டாக்குகிறது. இவற்றுள் இரண்டாம் படியில்தான் தமிழ் இலக்கணம் நேரடியாகத் தொழிற்படுகிறது.

ககரம் என்னும் ஒரே எழுத்து, சொல்முதலிலும் இரட்டித்தும் வரும்போது வல்லொலி. மெல்லினத்தை அடுத்து அதிர்வொலி. உயிர்களுக்கிடையே நெகிழ்ந்த ஒலி. கல், பக்கம், தங்கம், மகன் ஆகியவற்றை ஒலித்துப் பார்த்தால் இது விளங்கும். விதிவழி இயங்கும் கருவிகள் இச்சூழல்களைக் கொண்டே ஒலியைத் தேர்கின்றன. பெருந்தரவில் பயின்ற கருவிகளும் முன்பின் எழுத்துகளை நோக்கியே ஒலிக்கின்றன. வடசொற்களில் இவ்விதி தவறும். அதே 'பந்து' விளையாட்டுப் பொருளாகவும் உறவினராகவும், அதே 'தானம்' இடமாகவும் கொடையாகவும் வெவ்வேறு ஒலி பெறும். வரிவடிவம் இதைக் காட்டாததால் கருவி தொடரின் பொருளைக் கொண்டே ஊகிக்க வேண்டும். ஆயினும் இத்தகைய சொற்கள் எண்ணிக்கையில் அடங்குவன. அகரமுதலி ஒன்றால் பெரும்பாலும் சரிசெய்யத்தக்கன.

அவற்றினும் பரவலான சிக்கல் வல்லினம் மிகுமிடத்தில் ஒற்று விடுபடுவது. 'தமிழ்த்துறை' எனச் சேர்த்தெழுதினால் இரட்டித்த தகரம் வல்லொலியாகிறது. ஒற்றின்றித் 'தமிழ்துறை' என எழுதினால், 'வாழ்தல்' என்பதில் உள்ளதுபோலத் தகரம் நெகிழ்ந்து ஒலிக்கிறது. 'பொதுப்பணி' என்பது 'பொதுபணி' ஆனால் பகரம் அதிர்வொலியாகி, கேட்பவருக்கு அறிமுகமற்ற ஒரு சொல்லாகிவிடுகிறது. கண்ணால் வாசிப்பவர் விடுபட்ட ஒற்றைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்வார். செவியை நம்பியிருப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் நிறுத்தி, பின்சென்று, திரையில் அச்சொல்லைத் தேட வேண்டும். எந்த வேலையிலிருந்து கருவி அவரை விடுவிக்க வந்ததோ அதே வேலை.

ஒற்று வெறும் அலங்காரம், விட்டாலும் பொருள் விளங்கும் என்னும் வாதம் இதழியலிலும் அலுவலக நடையிலும் இன்று வலுப்பெற்றுள்ளது. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்னும் பழகிய எடுத்துக்காட்டைக் கொண்டு அதற்கு விடையிறுப்பது வழக்கம். ஆனால் பொருள் மயங்கும் இடங்கள் சிலவே. ஒலி மயங்கும் இடங்கள் பக்கந்தோறும் உள்ளன. புணர்ச்சி விதி ஒலிநூலாகவே பிறந்தது; அச்சுப்பக்கத்தில் அது மரபுச் சின்னமாகச் சுருங்கியிருந்தது; கருவி வாசிப்பில் மீண்டும் ஒலிக்கட்டளையாகிறது.

சொற்பிரிப்பும் இவ்வாறே. தனிமொழியாகவும் தொடர்மொழியாகவும் நின்று பொருள் தருவனவற்றை இலக்கணம் பொதுமொழி என்கிறது. 'பலகை' மரப்பலகையா, பல கைகளா என்பதை இடைவெளியொன்றே கருவிக்கு உணர்த்தும். இடைவெளி இருப்பின் ககரம் வல்லொலி, இல்லையேல் நெகிழொலி.

எழுத்துருவும் படிமமும்

மேற்கூறியவை எல்லாம் உரை ஒருங்குறியில் இருக்கும்போது எழும் சிக்கல்கள். உரை ஒருங்குறியில் இல்லையெனில் கருவி ஒரு சொல்லையும் வாசியாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட 'அம்மா' கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே சேமிக்கப்பட்டுள்ளது. திரையில் தமிழாகத் தோன்றுவது எழுத்துருவின் தோற்றமே. கருவியிடம் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே ஒலிக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்கள் ஏற்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. எனினும் அச்சகப் பழக்கத்தால் ஆய்வேடுகளும் கருத்தரங்க மலர்களும் இன்றும் பழைய எழுத்துருக்களில் உருவாகின்றன. குறியேற்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கும் நிலையில் இதற்குத் தக்க காரணம் இல்லை.

ஒருங்குறியிலும் கவனம் வேண்டும். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரவம்' எனத் தட்டச்சிடுவது மிகப் பரவலான பழக்கம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கருவியோ கெ, ள என இரண்டெழுத்தாக ஒலிக்கும்.

அரசுச் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் கையொப்பமிட்ட தாளின் ஒளிப்படமாகவே பள்ளிகளை அடைகின்றன. படத்தில் எழுத்தில்லை, எழுத்துணரி வழியாக அதை உரையாக்கினால்தான் கருவி வாசிக்கும். எழுத்துணரியின் பிழைகளும் தமிழுக்கே உரியவை: துணைக்காலும் ரகரமும் மயங்குதல், புள்ளி விடுபடுதல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் கூடுதல் இடர் தருகின்றன. தமிழ் மின்னூலகங்களில் உள்ள அரிய நூல்களுள் மிகப்பல இவ்வாறு படிமங்களாகவே உள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தட்டச்சிட்ட நூல்கள் இவ்வகையில் இன்றும் பெருந்துணை.

ஆய்வுக் கட்டுரைகளின் சான்றெண் முறையும் கருதத்தக்கது. 'புறம். 192' என்பதைக் கருவி 'புறம்' என்று ஒலித்து, புள்ளியில் வாக்கியம் முடிந்ததாகக் கொண்டு நிறுத்தி, பின் எண்ணைச் சொல்லும். 'புறநானூறு 192' என முழுமையாக எழுதினால் இச்சிக்கல் எழாது. இடச்சிக்கனம் அச்சுக்காலத்தின் தேவை.

செய்யுள்

தமிழாசிரியரை மற்ற ஆசிரியரிடமிருந்து வேறுபடுத்துவது செய்யுள். அச்சில் செய்யுள் இருவகையாக நிற்கிறது: புணர்ச்சி பிரிக்காமல், அல்லது சீர் பிரித்து. முன்னதில் சொல்லெல்லை மறைகிறது. பின்னதில் இடைவெளி யாப்பின் எல்லையில் விழுவதால் ஒரு சொல் இரு சீர்களில் துண்டாகிறது. கருவி அத்துண்டுகளைத் தனிச்சொற்களாக எண்ணி, மேற்காட்டியவாறு சொல்முதல் வல்லொலியை இட்டு ஒலிக்கும். ஓசையும் கெடும்; பொருளும் விளங்காது. மர்ரே எஸ். ராஜம் 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்கள் சந்தி பிரித்து அமைந்தவை. பொதுவாசகரை எண்ணிச் செய்யப்பட்ட அப்பணியைப் புலமை குறைந்த முயற்சியாகக் கருதியோரும் உண்டு. கருவி வாசிப்புக்கு இன்று மிக நெருங்கிய பதிப்பு முறை அதுவே. ஒரே செய்யுளை யாப்பு வடிவிலும் பதம் பிரித்த வடிவிலும் அருகருகே தருவது மின்பதிப்பில் எளிது. இயல்பான குரலுக்கு இரண்டாவதையே கருவியிடம் தரவேண்டும்.

கருவி எட்டாத இடங்கள்

ஆசிரியர் தாம் எழுதியதைக் கருவியின் குரலில் கேட்டால் விடுபட்ட சொல்லும் இருமுறை எழுதிய சொல்லும் உடனே தெரியும். ஆனால் இன்றைய பேச்சில் ர, ற வேறுபாடும் ன, ண வேறுபாடும் பெரிதும் மங்கியுள்ளன. இன்றைய பேச்சாளரின் குரலில் பயின்ற கருவியிலும் அவை மங்கியே ஒலிக்கும். 'அரம்' என்பதற்கு 'அறம்' என எழுதியிருந்தால் செவி அதைப் பிடிக்காது. 

விடைத்தாள் திருத்தத்திற்குக் கருவி இன்று ஏறத்தாழப் பயனற்றது. நாற்பது மாணவரின் நாற்பது கையெழுத்துகளை எந்த எழுத்துணரியும் நம்பத்தக்க வகையில் படிப்பதில்லை. இங்குத் தேவைப்படுவது தொழில்நுட்பமன்று: கூடுதல் நாள்கள், அல்லது அப்பணியில் ஒரு பகுதியை வாய்மொழித் தேர்வு மதிப்பீட்டுக்கு மாற்றித் தருதல். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பணியாளருக்குத் தக்க வசதிகளை அரசு நிறுவனங்கள் செய்துதர வேண்டும் என்கிறது. அவ்வசதியைக் கேட்பதற்கு ஆசிரியர் முதலில் தம் நிலையை வெளிப்படுத்த வேண்டும். 'வாசிக்கத் தெரியாத தமிழாசிரியர்' என்னும் ஏளனம் காத்திருக்கும் இடத்தில் பலர் அதைச் செய்வதில்லை. ஒருங்குறியில், ஒற்றுப் பிழையின்றி, சுருக்கக்குறி விரித்து வெளியிடப்படும் உரைக்கு அத்தகைய விண்ணப்பம் எதுவும் வேண்டியதில்லை.